தட்டு மறைந்த ஆழம்

என் சரசு,

அடுத்த வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு நாலு வரி அஞ்சலி எழுதலாம் என்றாள் நம் மகள் கலா. ஜோகூரிலிருந்து போன் பண்ணி, "நீங்க எழுதிக் குடுங்கப்பா, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றாள். நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன், அடங்கவில்லை. இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்த நாள் எது என்று நீ கேட்பாய், தெரியும்.

நம் ரப்பர்த் தோட்டத்து ஆட்களும் இதைப் படிக்கட்டும். உன்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. அது என்னவென்று முழுசாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் உன்னிடம் சொல்லாமல் ஊரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. கோழிகளைப் பக்கத்து வீட்டு மாரிமுத்து அண்ணனிடம் விட்டுவிட்டேன். உன் பச்சை மிளகாய்ச் செடி இரண்டு பிழைத்திருக்கிறது. டிவியைச் சத்தமாகப் போட்டுவிட்டுச் சமைக்கிறேன், வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. காலையில் இன்னமும் இரண்டு டம்ளர் எடுத்து வைக்கிறேன், பிறகு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் திட்ட ஆள் இல்லை சரசு. நானே சமைத்ததை நான் எப்படித் திட்டுவது?

இன்னொரு சேதி. உன் வேலையை இப்போது நான்தான் செய்கிறேன்.

இதைப் படிக்கிற வெளியாட்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள். நம் தோட்டத்தை ஒட்டியிருக்கும் டுரியான் துங்கால் டேம் ஏரி வற்றி, மலாக்கா முழுக்கத் தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு ஓடிய அந்த வருஷத்துக்கு அப்புறம்தான் அந்த ஆராய்ச்சிக் கூட்டம் வந்தது. இனி வரும் பத்திருபது வருஷத்தில் மழை எப்படி மாறும், ஏரித் தண்ணீர் என்ன ஆகும், அதிலிருக்கிற மீனும் பாசியும் பிழைக்குமா என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது அவர்கள் திட்டம். தண்ணீர் படித்த ஒரு மலாய்க்காரப் புரோபசர் தலைவர். மீன் படித்த சீன அம்மா ஒருவர். எல்லாக் கணக்கையும் கம்பியூட்டரில் போட்டு வருங்காலம் சொல்ல, ஆயர் குரோ ஆபீசிலிருந்து வரும் நம் கோமதி. இவர்களை ஏற்றி இறக்க வேன் டிரைவர் நான்.

ஏரி ஓரமாகவே குடியிருக்கும் ஆள் ஒருவர் வேண்டும், தினமும் காலை ஒன்பது மணிக்கு அளந்து எழுத வேண்டும் என்று புரோபசர் சொன்னபோது, "என் பெண்டாட்டி இருக்கா" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பால்மரம் வெட்டுறவளப் போயி ஆராய்ச்சி பண்ணச் சொல்றீங்களே, புத்தி இருக்கா?" என்றாய். ஆனால் மறுநாள் தலைக்குக் குளித்து, கலாவின் பள்ளிக்கூடத்துப் பேனா ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு போனாய்.

வேலை இரண்டு. ஒன்று, படகு கட்டும் ஜெட்டித் துறைக்குப் பக்கத்துப் படிகளில் நட்டிருக்கும் இரும்பு அளவுப் பலகையில் தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்ப்பது. இன்னொன்று, அந்தத் தட்டு. சோற்றுத் தட்டு அளவில், கறுப்பும் வெள்ளையுமாக வர்ணம் பூசிய தட்டு. சம இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். கண்ணுக்கு மறையும் இடத்தில் நிறுத்தி, எத்தனை முடிச்சு உள்ளே போனது என்று எண்ண வேண்டும். தண்ணீர் தெளிவாக இருந்தால் தட்டு ஆழம் வரைக்கும் தெரியும், கலங்கினால் சீக்கிரம் மறைந்துவிடும். நீ ஆரம்பித்த மாதம் இருபத்திரண்டு முடிச்சு வரை தெரிந்தது.

ஒரு கட்டாயம் வைத்திருந்தார் புரோபசர். தட்டை ஒரே ஆள்தான் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் பார்வை மாறும், இன்றைக்கு ஒருவர் நாளைக்கு ஒருவர் என்று பார்த்தால் கணக்குக் குழம்பிவிடும் என்றார். அதனால் அவர்களே மாதம் ஒருமுறை வரும்போதும் தட்டைத் தொட மாட்டார்கள். நீ இறக்குவாய், நீ சொல்வாய், அவர்கள் தலையாட்டுவார்கள். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் பார்த்தவர் பெயர் எழுத வேண்டும். "சரஸ்வதி" என்று தமிழில் எழுதுவாய். நம் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வெளியே உன் பேரை யாராவது எழுதி வைத்தது அதுதான் முதல் தடவை என்று சொல்லிச் சிரித்தாய். காய்ச்சலோடும் போனாய். தீபாவளி அன்றைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு போனாய்.

வருஷம் ஆக ஆக முடிச்சு குறைந்தது. இருபத்திரண்டு பதினெட்டானது, பதினான்கானது. கடைசியில் ஒன்பது. வேனில் அவர்களுக்குள் ஒரே சண்டை. நான் ரோட்டைப் பார்த்தபடி காதை மட்டும் பின்னால் வைத்திருப்பேன். மீன் அம்மா, என் மீன்கள் நன்றாக இருக்கின்றன, தட்டு சொல்வது ஒத்துவரவில்லை என்பார். நாம் போத்தலில் எடுத்துப்போகும் தண்ணீரிலும் பெரிய மாற்றம் இல்லையே என்பாள் கோமதி. புரோபசர் விட மாட்டார். போத்தல் மாதம் ஒரு நாள் சொல்வது, தட்டு தினமும் சொல்வது, நம்மிடம் இதைவிட ஒழுங்கான கணக்கு வேறு எது என்பார். எனக்குப் பெருமை தாங்காது. என் பெண்டாட்டி எழுதியதை வைத்துப் படித்தவர்கள் அடித்துக்கொள்கிறார்களே என்று இருக்கும். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னால் நீ மட்டும் சிரிக்க மாட்டாய். "நான் பார்க்கிறதத்தான் எழுதுறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

தட்டை நம்பித்தான் அறிக்கை தயாரானது. இப்படியே போனால் சில வருஷத்தில் ஏரி பச்சையாகக் கட்டிப்போகும், மீன் மூச்சுத் திணறிச் சாகும், குடிக்கும் தண்ணீருக்கே ஆபத்து என்று கம்பியூட்டர் சொன்னது. காரணம் தேடினார்கள். ஏரி ஓரத்தில் இருப்பது என்ன? நம் மாட்டுக் கொட்டகைகளும் பின்வரிசை லயத்து வீடுகளும்தான். அவற்றை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று அறிக்கையில் எழுதினார்கள். அதைக் கேட்ட அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. மாரிமுத்து அண்ணன் மாடுகளை நினைத்து வருத்தப்படுகிறாய் என்றுதான் எண்ணினேன். அப்போது நீ என்னிடம் ஏதோ சொல்ல வந்தாயா?

அதற்கப்புறம் உன் சுகர் ஏறியது. கால் வீங்கியது, ஆஸ்பத்திரி, ஒன்பது நாள், அவ்வளவுதான். அதை இங்கே எழுதப்போவதில்லை.

கருமாதி முடிந்து மறுநாள் நான் ஜெட்டிக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஒன்பது மணி ஆனது, வீட்டில் உட்கார முடியவில்லை, தட்டு மூலையில் சாய்ந்திருந்தது. இறக்கினேன். ஒன்பதாவது முடிச்சு போனது, தட்டு பளிச்சென்று தெரிந்தது. பத்து, பன்னிரண்டு, பதினைந்து. இறங்கிக்கொண்டே இருந்தது. இருபத்தோராவது முடிச்சில்தான் மறைந்தது.

எனக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்று நினைத்து மூன்று தடவை இறக்கினேன். இருபத்தொன்றுதான். அப்படியே எழுதி, என் பேரையும் போட்டு அனுப்பினேன்.

கோமதி ஓடி வந்தாள். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, முடிச்ச தப்பா எண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். பின்னாலேயே மற்ற இருவரும் வந்தார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒவ்வொருவரும் தட்டை இறக்கிப் பார்த்தார்கள். ஒருவருக்கு இருபது, ஒருவருக்கு இருபத்திரண்டு. புரோபசர் முகம் மலர்ந்துபோனது. "அயர் சுடா ஜெர்னே, பாங்!" என்று என் தோளில் தட்டினார். தண்ணீர் தெளிந்துவிட்டதாம். மீன் அம்மா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். ஐந்து வருஷமாகக் கலங்கிய ஏரி ஒரு மாதத்துக்குள் தெளியாது என்றார்.

அந்த ஒரு மாதத்துக்குள் மாறியது என்ன என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கலக்கினேன். டம்ளரில் ஊற்றும்போது கை அப்படியே நின்றுவிட்டது.

நீ டம்ளருக்குள் விரலை விட்டுக்கொண்டு ஊற்றுவாய். கடைசி இரண்டு வருஷமாக அப்படித்தான். சூடு விரலில் பட்டதும் நிறுத்துவாய். ஒரு நாள் உன் அண்ணன் வந்திருந்தபோது, "விரலை விட்டு ஊத்துறியே, மனுஷன் குடிக்க வேணாமா?" என்று அவர் எதிரிலேயே கத்தினேன். நீ வேறு டம்ளர் எடுக்கப் போனாய். போகும்போது நாற்காலியில் இடித்துக்கொண்டாய். நான் அதற்கும் கத்தினேன்.

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக வந்தது. அரிசியில் கல் பொறுக்குவதை விட்டாய். ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாய். டிவியில் படம் ஓடும்போது சுவரில் சாய்ந்துகொண்டு, "எனக்குக் கேட்டாப் போதும்லா" என்றாய். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்குப் போகலாம் என்றால் கூட்டம் பிடிக்கவில்லை என்றாய். எல்லாவற்றுக்கும் வயசாகிவிட்டது என்று நான் கிண்டல் செய்தேன். உன்னோடு ஒரே வீட்டில் இருந்தேன் சரசு. ஏரியில் தண்ணீர் குறைந்தால் கண்டுபிடிக்க அத்தனை பேர் இருந்தார்கள். உனக்குப் பார்வை குறைந்ததைக் கண்டுபிடிக்க நான் ஒருவன்தான் இருந்தேன்.

படிவங்கள் வைத்திருந்த உன் பிளாஸ்டிக் உறையைத் துழாவினேன். அடியில் கிளினிக் சீட்டு. சுகரால் கண் கெட்டுக்கொண்டிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த சீட்டு. மூன்று வருஷத்துக்கு முந்தையது. மடித்த மடிப்பிலேயே கிழிந்திருந்தது. நீ போகவில்லை. போயிருந்தால் தட்டை வேறு ஆளிடம் கொடுத்திருப்பார்கள் என்று பயந்தாயா? என்னிடம் சொன்னால் நான் வேனில் உளறிவிடுவேன் என்றா?

மூன்று வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. நான்! நம்புவாயா? சொன்னால், குருடி சொன்ன கணக்கு என்று சிரிப்பார்கள். உன் ஐந்து வருஷத்தையும் குப்பையில் போடுவார்கள். சொல்லாவிட்டால் அறிக்கை அப்படியே போகும். என்ன செய்யலாம் என்று கேட்கத் தோன்றியதெல்லாம் உன்னிடம்தான். உன் படத்துக்கு முன்னால் நின்று கேட்டும் பார்த்தேன். நீ எப்போதும்போல எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஒரு நாள் காலையில் மாரிமுத்து அண்ணன் பால் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"ஏம்பா, கொட்டாயெல்லாம் பிரிக்கச் சொல்றாங்களாமே. நீ வேன் ஓட்டுறவன், ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"யாருண்ணே சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. தண்ணிய நாங்கதான் கெடுக்கிறோமாம். தங்கச்சி தெனமும் அளந்தாளே, அவ என்ன சொன்னா? அவ சொன்னா நான் ஏத்துக்கிறேன்."

சரசு, அவ சொன்னா ஏத்துக்கிறேன் என்றார் அவர். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அன்றைக்கே ஆயர் குரோவுக்குப் போய்க் கோமதியின் மேசை மேல் அந்தக் கிளினிக் சீட்டை வைத்தேன்.

அவள் படித்தாள். எழுந்துபோய் அலமாரியிலிருந்து உன் படிவங்களைக் கட்டுக் கட்டாக எடுத்துவந்து பரப்பினாள். முதல் வருஷம் உன் கையெழுத்து கோட்டின் மேல் எறும்பு போவதுபோல் ஒழுங்காகப் போகிறது. போகப் போக எழுத்து பெரிசாகிறது, கோட்டை விட்டு மேலே ஏறுகிறது. கடைசி மாதங்களில் உன் பேர் பக்கத்துக் கட்டத்தில் பாதி கிடக்கிறது. "மாசா மாசம் நான்தாண்ணே இதப் பார்த்து டைப் பண்ணேன். நம்பரை மட்டும்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். படித்த பெண் அழுவதைப் பார்த்து எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேன்டீனில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

புரோபசருக்கு நான்தான் சொன்னேன். தெரிந்த மலாயில், நின்றுகொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரே ஆள் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான்தான், அந்த ஆளின் கண்ணை ஒரு தடவைகூடச் சோதிக்காதவனும் நான்தான் என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். தட்டு இப்படியென்றால் அளவுப் பலகைக் கணக்கும் தப்பாகத்தானே இருக்கும்? எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டியதுதானா?

இதை நீ கேட்க வேண்டும் சரசு. அணைக்கட்டு ஆபீசிலும் தினமும் நீர்மட்டம் குறித்து வைக்கிறார்கள். கோமதி அந்தக் கணக்கை வாங்கிவந்து உன் கணக்கோடு நாள் நாளாகச் சேர்த்துப் பார்த்தாள். கடைசி மாதம்வரை ஒத்துப்போனது. நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை எழுதியதுகூடச் சரி. எப்படி என்று அவர்களுக்குப் புரியவில்லை.

நான் ஏரிக்குப் போய்ப் படியில் இறங்கினேன். அந்தப் பலகையில் எண்களும் கோடுகளும் இரும்பில் புடைத்திருக்கின்றன. தண்ணீர் வரைக்கும் இறங்கிக் கையை வைத்துத் தடவினால் தெரியும். தினமும் முட்டிவரை நனைந்த சேலையோடு வீட்டுக்கு வருவாயே, ஏன் என்று ஒரு நாளாவது நான் கேட்டேனா? தரையெல்லாம் ஈரம் என்றுதான் கேட்டேன்.

ஆக, ஊரில் சுற்றும் பேச்சுக்கு இதுதான் பதில். சரசு பொய்க் கணக்கு எழுதவில்லை. கையால் தொட முடிந்ததைத் தொட்டு எழுதினாள். தொட முடியாததை, தன் கண்ணுக்கு எங்கே மறைந்ததோ அங்கே மறைந்தது என்று எழுதினாள். பதினெட்டு என்று பழைய எண்ணைப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் போடவில்லை. கண்ணை மறைத்தது தப்புத்தான், அந்தத் தப்பில் எனக்கும் பாதி உண்டு.

கொட்டகைகளைப் பற்றி எழுதியதை எடுத்துவிட்டார்கள். நீர்மட்டத்தையும் மழையையும் மீனையும் வைத்து முதலிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். ஏரி பிழைத்துவிடும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. இன்னொரு பெரிய வறட்சி வந்தால் என்னவாகும் என்பதுதான் இப்போது வேனில் சண்டை. மாரிமுத்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். ஜெட்டிக்குப் போகும் பாதையில் வேர் தடுக்குகிறது என்று அவர்தான் வெட்டிவிட்டார். உனக்கு வெட்டியிருக்க வேண்டியது.

தட்டுக் கணக்கை அறிக்கையிலிருந்து நீக்கியபோது, அது எனக்கு வேண்டும் என்று கோமதியிடம் கேட்டேன். ஐந்து வருஷத்தையும் ஒரே கோடாகப் போட்டு நீளத் தாளில் எடுத்துக் கொடுத்தாள். இடப்பக்கம் மேலே ஆரம்பித்து வலப்பக்கம் கீழே இறங்குகிறது. சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஆராய்ச்சிக்கு அது உதவாது. எனக்கு உன்னைப் பற்றி வேறு எந்தக் கணக்கும் இல்லை.

மாதம் மாதமாக விரல் வைத்துப் பார்க்கிறேன். ஊசிக்கு நூல் கோக்கப் போனது இந்த இடம். நாற்காலியில் இடித்தது இங்கே. கலா கல்யாணம் நடந்த மாதம் பதினான்கு. மணவறையில் அவள் முகத்தை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே இருந்தாயே. பெற்ற வயிறு, பிரிய மனசில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஐயர்கூடக் காத்திருந்தார். பதினான்கு முடிச்சில் பிள்ளையின் முகம் எவ்வளவு தெரியும் சரசு? கலாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். போன் பண்ணுவாள். என்ன சொல்லப் போகிறேனோ.

இப்போது தினமும் ஒன்பது மணிக்குத் தட்டை இறக்குகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது புதுச் சட்டம். போன மாதம் போய்வந்தேன். எனக்கும் சுகர் கொஞ்சம் இருக்கிறது, கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் எதைப் பார்த்தேன்?

கயிறு விடும்போது ஒன்பதாவது முடிச்சில் ஒரு தடவை நிறுத்துகிறேன். அங்கே தட்டு எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. கறுப்பு தனியாக, வெள்ளை தனியாக, நடுவிலிருக்கும் ஆணியின் துரு தனியாக. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் மிச்சக் கயிற்றை விடுகிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் பார்வை ஒரு முடிச்சு குறைந்தாலும் நான் மறைக்க மாட்டேன். அன்றைக்கே சொல்லிவிடுவேன். வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்வேன் என்று மட்டும் கேட்காதே.

உன் வீட்டுக்காரன்,
கலாவின் அப்பா